நாரிச் நகரத் தேவாலயங்கள்: பொம்மலாட்டம் நடக்கும் ஆலயம் காக்கப்பட்டதா, கைவிடப்பட்டதா?

பொதிகைத்தென்றல்

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலுள்ள நாரிச் நகருக்கு நாங்கள் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பழைய மதில்களுக்கு உட்பட்ட பகுதியில் மட்டும் இடைக்காலத்தைச் சேர்ந்த 31 தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே வேறெந்த நகரிலும் இத்தனை இல்லை என்று இவ்வூரார் பெருமையோடு சொல்கிறார்கள். ஆண்டின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் ஒரு கோயில், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மதுக்கடை என்று இந்நகரைப் பற்றிய பழைய பேச்சும் ஒன்று உண்டு. மளிகை வாங்கப் போனாலும் மருந்து வாங்கப் போனாலும் வழியில் இரண்டு கோபுரங்களையாவது கடந்துதான் போக வேண்டும்.

சென்ற மாதம் என் மகளைப் பொம்மலாட்டம் பார்க்க அழைத்துச் சென்றேன். அரங்கம் இருந்த இடம் தூய யாக்கோபு ஆலயம். 1980இலிருந்து அது பொம்மலாட்ட அரங்கமாக இயங்கி வருகிறது. மக்கள் முழங்காலிட்ட நடுக்கூடத்தில் படிப்படியாக இருக்கைகள் ஏறியிருந்தன. விளக்குகள் அணைந்ததும் குழந்தைகள் எல்லோரும் ஒரே குரலில் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. திரைக்கு மேலே கூர்வளைவு ஒன்றின் முனை தெரிந்துகொண்டே இருந்தது, என் கண் அதைவிட்டு அகலவில்லை. அறுநூறு ஆண்டுகள் ஜெபம் கேட்ட சுவர்கள் இவை என்ற நினைவு வந்து நெஞ்சை அழுத்தியது.

இந்நகரின் வரலாறு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதால் கேட்கிறேன். இத்தனை ஆலயங்கள் எதற்காகக் கட்டப்பட்டன? அவற்றுள் பெரும்பாலானவை எப்படி வழிபாட்டை இழந்தன? இப்படி வேறு பணிக்குக் கொடுத்ததைக் காப்பாற்றியது என்று கொள்வதா, கைவிட்டது என்று கொள்வதா?

கல்லும்கரையும்

உங்கள் முதல் கேள்விக்கு விடை கம்பளியில் இருக்கிறது அம்மா. இடைக்காலத்தில் நாரிச் இங்கிலாந்தின் பெருநகரங்களுள் ஒன்று. அதன் செல்வமெல்லாம் நெசவிலிருந்து வந்தது. நாரிச்சுக்கு வடக்கே வொர்ஸ்டெட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. இன்றும் கோட்டுத் துணிக்கு நாம் சொல்லும் வொர்ஸ்டெட் என்ற பெயர் அந்த ஊரின் பெயர்தான். அந்தத் துணியை விற்றுப் பொருள் சேர்த்த வணிகர்கள், தாம் இறந்தபின் தம் ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட வேண்டுமென்று உயிலெழுதி வைத்து, தத்தம் பங்கு ஆலயங்களை இடித்து இன்னும் பெரிதாகக் கட்டினார்கள். பங்கு என்பது இங்கே மிகச் சிறியது, நம் ஊர்க் கணக்கில் நாலைந்து தெரு. ஒரு தெருக்காரர்கள் மணிக்கோபுரத்தை உயர்த்தினால் அடுத்த தெருக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். மதிலுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலயங்கள் எழுந்தது அப்படித்தான்.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்நகரின் முகமே அதுதான். இந்தப் பக்கத்தில் கட்டடக் கல் கிடைக்காது. மண்ணைத் தோண்டினால் சுண்ணப்பாறையும் அதற்குள் சிக்கிமுக்கிக் கல்லும் கிடைக்கும். ஆகவே நகரின் தலைமை ஆலயமான பேராலயத்துக்கு வேண்டிய வெளிர்நிறக் கல்லைப் பிரான்சு நாட்டின் கான் நகரிலிருந்து கடல்வழியே கொண்டுவந்தார்கள். யார்மத் துறைமுகத்தில் ஏற்றி, ஆற்றில் இழுத்து, வென்சம் ஆற்றிலிருந்து கட்டுமான இடம்வரை ஒரு கால்வாயும் வெட்டினார்கள். 1096இல் ஹெர்பர்ட் டி லொசிங்கா என்னும் ஆயர் அந்தப் பணியைத் தொடங்கினார். ஆயர் பதவியை அரசனிடம் பணம் கொடுத்துப் பெற்ற பாவத்துக்குக் கழுவாயாகவே அவர் இதைக் கட்டினார் என்பார்கள்.

பங்கு மக்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் கையில் இருந்தது சிக்கிமுக்கிக் கல் ஒன்றே. அது வெளியில் சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்து, உருளைக்கிழங்கு போலக் கோணல்மாணலாக இருக்கும். சுத்தியலால் சரியான இடத்தில் தட்டிப் பிளந்தால் உள்ளே கருங்கண்ணாடி போல மின்னும். இந்தக் கல்லால் சுவர் எழுப்பலாம், மூலை எழுப்புவது கடினம். இப்பகுதியின் மிகப் பழைய கோபுரங்கள் பல வட்டமாக இருப்பதற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். அதை மறுத்து, வட்டம் என்பது அக்காலத்து விருப்பமே என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். நாரிச் அமைந்திருக்கும் நார்போக் மாவட்டத்தில் மட்டும் 120க்கு மேற்பட்ட வட்டக்கோபுர ஆலயங்கள் உண்டு. நாரிச்சுக்குள்ளேயே தூய மரியா கோஸ்லனி ஆலயத்தின் கோபுரம் அந்த வகையைச் சேர்ந்தது.

பிற்காலத்துக் கல்தச்சர்கள் இந்த வறுமையையே கலையாக்கினார்கள். கோஸ்லனி பகுதியிலுள்ள தூய மிக்கேல் ஆலயத்தின் தென்சுவரை, முடிந்தால் காலை வெயிலில், கைதொடும் தூரத்தில் நின்று பாருங்கள். வெள்ளைக் கல்லில் சாளரச் சட்டங்களைப் போல மெல்லிய கோடுகளைச் செதுக்கி, இடைவெளிகளில் பிளந்த கரிய சிக்கிமுக்கிக் கல்லை அளவாக வெட்டிப் பதித்திருப்பார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நகம்கூட நுழையாது. தொலைவிலிருந்து பார்த்தால் சுவரெல்லாம் கண்ணாடிச் சாளரம் போலத் தோன்றும். இங்கிலாந்தில் இந்த வேலைப்பாட்டுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

சேகரத்துப்பிள்ளை

கல்லைப் பற்றிய விளக்கம் அருமை ஐயா. ஆயினும் சகோதரி கேட்ட கேள்வியின் பாரம் கல்லில் இல்லை என்பது என் எண்ணம்.

நான் திருநெல்வேலித் திருமண்டலத்தைச் சேர்ந்தவன். ஆங்கிலேயத் திருச்சபையின் வழிபாட்டு முறையிலே வளர்ந்தவன். எங்கள் சேகரத்தில் ஓர் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்படும்போது பேராயர் வந்து கதவைத் தட்டுவார்; உள்ளே நுழைந்து ஞானஸ்நானத் தொட்டியையும் பிரசங்க பீடத்தையும் நற்கருணை மேசையையும் ஒவ்வொன்றாக ஜெபித்து ஒப்புக்கொடுப்பார். அன்றுமுதல் அந்தக் கட்டடம் கடவுளுடையது, எங்களுடையது அன்று. அதைத் திரும்பப் பெற்று வேறொருவருக்கு வாடகைக்கு விடும் உரிமை மனிதருக்கு எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி. அந்தத் தளத்தின்கீழ் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் மக்கள், உயிர்த்தெழுதலின் நம்பிக்கையோடு அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். அவர்கள்மேல் நாற்காலி வரிசை போடுவதற்கு அவர்கள் ஒப்பவில்லை.

பொம்மலாட்டத்தின்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. குழந்தைகள் சிரிப்பது நல்லதே. ஆனால் நகரில் வேறு கூடமா இல்லை? ஆராதனை நின்றுபோன ஆலயத்தைப் பூட்டி, மௌனமாக விட்டுவைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்று நான் கருதுகிறேன்.

ஓலைச்சுவடி

சேகரத்துப்பிள்ளை அவர்களின் மனவருத்தத்தை நான் மதிக்கிறேன். எனினும் இது நம் காலத்தில் புதிதாக நேர்ந்த வீழ்ச்சி என்ற எண்ணத்தை மட்டும் திருத்த விரும்புகிறேன். நாரிச் மக்கள் வழிபாட்டிடங்களுக்கு மறுவாழ்வு கொடுக்கத் தொடங்கி ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

எட்டாம் ஹென்றி துறவு மடங்களை மூடியபோது, நகரின் நடுவிலிருந்த தோமினிக்கத் துறவியரின் மடமும் அரசன் கைக்குப் போனது. மற்ற ஊர்களில் இத்தகைய ஆலயங்களின் கூரை ஈயத்தை உருக்கி விற்றுவிட்டு, கல்லை யார் வேண்டுமானாலும் அள்ளிச் செல்ல விட்டார்கள். இங்கே அகஸ்டின் ஸ்டூவர்ட் என்ற நகரத் தலைவர் முன்வந்து, மடத்தை ஊருக்காக விலைக்குக் கேட்டார். கட்டடத்துக்கு 81 பவுண்டு, கூரையிலிருந்த ஈயத்துக்குத் தனியாக 152 பவுண்டு. கட்டடத்தைவிட அதன் கூரை ஈயத்துக்கே மதிப்பு மிகுதியாக இருந்த காலம் அது. நடுக்கூடம் இன்றைய தூய அந்திரேயா மண்டபமாயிற்று; பீடப்பகுதி பிளாக்ஃபிரையர்ஸ் மண்டபமாயிற்று. நகரம் அழைத்ததன் பேரில் 1565இல் முப்பது குடும்பங்களாக வந்த டச்சு, வாலூன் நெசவாளர்களுள் டச்சுக்காரர்கள் தம் மொழியில் வழிபட அந்தப் பீடப்பகுதியே இடம் கொடுத்தது. அதன்பின் அந்தக் கட்டடம் நாணயம் அடிக்கும் சாலையாக, ஏழைகளின் வேலைக்கூடமாக, இசைவிழா மண்டபமாக எத்தனையோ வேடம் கட்டியிருக்கிறது. இங்கிலாந்தில் ஏறக்குறைய முழுமையாக எஞ்சியிருக்கும் துறவு மட வளாகம் என்று இன்று காட்டுவதற்கு இதுபோல் வேறொன்று இல்லை. ஊர் அதை வாங்கியது ஜெபிப்பதற்காக அன்று. ஆனால் வாங்கியிராவிட்டால் இன்று அங்கே புல்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள். 1249இல் வால்டர் சஃபீல்ட் என்ற ஆயர் ஏழைகளுக்கும் முதிர்ந்த குருக்களுக்கும் தூய கைல்ஸ் பெயரில் ஒரு மருத்துவ இல்லம் கட்டினார். இன்று பெரிய மருத்துவமனை என்று பெயர் பெற்றிருக்கும் அது, முதியோர் இல்லமாக இன்னும் நடைபெறுகிறது. பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தக் காலத்தில் நகர மன்றத்தின் பொறுப்புக்கு வந்தபோது, அதன் ஆலயத்தை மூன்றாகப் பிரித்தார்கள். நடுப்பகுதி மட்டும் வழிபாட்டுக்கு. மேற்குப் பகுதி ஆண்களுக்கான தங்கறை. பீடப்பகுதி பெண்களுக்கான தங்கறை. பீடப்பகுதியின் மரக்கூரையில் 252 கரிய கழுகுகள் தீட்டப்பட்டிருக்கின்றன. இரண்டாம் ரிச்சர்டின் அரசி, போகிமியா நாட்டு ஆன், 1383இல் இங்கே வந்ததன் நினைவாக அவை வரையப்பட்டன என்பது வழிவழி வரும் செய்தி. நடுவில் ஒரு தளம் போட்டுவிட்டதால் மேல்தளத்தில் படுத்திருந்த மூதாட்டிகளுக்கு அந்தக் கழுகுகள் மிக அருகில் இருந்தன. இருபதாம் நூற்றாண்டிலும் பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். பீடம் நின்ற இடத்தில் நோயாளியின் கட்டில் போடப்பட்டதை இழிவென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஏனைய பங்கு ஆலயங்கள் வழிபாட்டை இழந்தது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில்தான். நெரிசலான பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, மக்கள் புறநகருக்குப் போனார்கள். அதன்பின் ஆராதனைக்கு வருவோர் எங்குமே குறைந்தார்கள். 1968இல் வந்த திருச்சபைச் சட்டம், தேவைக்கு மிஞ்சிய ஆலயங்களை முறைப்படி வேறு பணிக்கு மாற்ற வழிசெய்தது. அதையடுத்து 1973இல் நாரிச் வரலாற்றுத் தேவாலயங்கள் அறக்கட்டளை உருவானது. நகர மன்றத்துக்கு உரிமையான 18 ஆலயங்களை அது பராமரிக்கிறது. பொருத்தமான வாடகையாளரைத் தேடி, அந்த வருவாயையும் நன்கொடையையும் கொண்டு கூரையைப் பழுதுபார்க்கிறது. தூய சுவிதின் ஆலயம் கலை மையம், தூய கிரகோரி ஆலயம் பழம்பொருள் அங்காடி, கல்லும்கரையும் அவர்கள் வருணித்த அதே தூய மிக்கேல் ஆலயம் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

பொதிகைத்தென்றல்

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று மதியம் தூய கிரகோரி ஆலயத்துக்குள் போனேன். பழைய பீங்கான் தட்டுகளுக்கும் மர நாற்காலிகளுக்கும் நடுவே நடந்து போய்த் தலையை உயர்த்தினால், சுவரில் புனித ஜார்ஜ் குதிரைமேல் ஏறி வேதாளப் பாம்பைக் குத்திக்கொண்டிருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியம், ஆளைவிடப் பெரியது. சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. கடைக்காரப் பெண்மணி வாங்க வந்தவரிடம் விலையைச் சொல்லிவிட்டு, ஓவியத்தை எங்கே நின்றால் நன்றாகப் பார்க்கலாம் என்று எனக்குக் காட்டினார். அவர் அதைத் தன் வீட்டுப் பொருள்போலக் காட்டிய விதத்தில் என் மனம் சற்றே இளகியது. முழுவதும் அன்று, சற்றே.

மணிக்கயிறு

வழிபாடு நிற்காத ஆலயத்தைப் பற்றியும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். சந்தைக்கு மேலே நிற்கும் தூய பேதுரு மான்கிராஃப்ட் ஆலயம் 1430க்கும் 1455க்கும் இடையே எழுந்தது. வெளியூரிலிருந்து வருபவர்கள் அதையே பேராலயம் என்று எண்ணிவிடுவதுண்டு. 1715 மே 2ஆம் நாள் அதன் கோபுரத்தில் நடந்த ஒரு செயல், மணியடிக்கும் கலையின் வரலாற்றில் இன்றளவும் பேசப்படுகிறது.

இங்கிலாந்தில் மணிகளை நம் ஊரில் அடிப்பதுபோல் அடிப்பதில்லை. ஒவ்வொரு மணியும் ஒரு சக்கரத்தோடு சேர்ந்து முழுச்சுற்றாகச் சுழலும். ஒரு மணிக்கு ஓர் ஆள். ஏழு மணிகளை எத்தனை வரிசைகளில் அடிக்க முடியும் என்று கணக்கிட்டால், ஒன்றிலிருந்து ஏழு வரையுள்ள எண்களைப் பெருக்கி வரும் தொகையாகிய 5,040 கிடைக்கும். அத்தனை வரிசைகளையும், ஒன்றுகூடத் திரும்ப வராமல், எதையும் எழுதிவைத்துப் பார்க்காமல், நினைவிலிருந்தே, மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் அன்று அடித்து முடித்தார்கள். உண்மையாக நிறைவேறிய முதல் முழுத் தொடர் என்று அது போற்றப்படுகிறது. அதன் நினைவுப் பலகை கோபுரத்துக்குள் தொங்குகிறது. அந்த ஆலயத்தில் இன்றும் மணி அடிக்கிறார்கள், இன்றும் கற்றுக்கொடுக்கிறார்கள். சனிக்கிழமைச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து அந்த ஒலி இறங்கினால், நான் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றுவிடுவேன்.

அதே ஆலயத்தின் கீழ்த்திசைச் சாளரமும் பார்க்கத்தக்கது. 1648இல், உள்நாட்டுப் போரின்போது, அருகிலிருந்த மாளிகையில் ஏற்பட்ட கலகத்தில் 98 பீப்பாய் வெடிமருந்து வெடித்தது. நகரெங்கும் சாளரங்கள் நொறுங்கின, இங்குள்ளவையும் தப்பவில்லை. எஞ்சிய பதினைந்தாம் நூற்றாண்டுக் கண்ணாடிகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒரே சாளரத்தில் பொருத்தினார்கள். இன்று நாம் காண்பது அந்தத் தொகுப்பே.

சேகரத்துப்பிள்ளை

மணிக்கயிறு அவர்களுக்கு நன்றி. ஓலைச்சுவடி அவர்கள் கூறிய மருத்துவமனைச் செய்தியை இரண்டு நாள்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பீடப்பகுதியில் நோயாளியைக் கிடத்தியது ஆண்டவரின் கட்டளைக்கு முரணானது அன்று. அதில் நான் உங்களோடு உடன்படுகிறேன். முதற்பதிவில் நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப் பேசியது தவறு.

ஆனால் இரண்டு எடுத்துக்காட்டுகளை வைக்கிறேன். 2019 ஆகஸ்டில் பேராலயத்தின் நடுக்கூடத்திலேயே திருவிழாச் சறுக்குக் கோபுரம் ஒன்றை நிறுத்தி, மக்களை அதன் உச்சியிலிருந்து சறுக்கவிட்டார்கள். கூரையிலுள்ள சிற்பக் கற்களை அருகிலிருந்து காண வாய்ப்பு என்று காரணம் சொன்னார்கள். கல்வளைவுகள் கூடும் இடந்தோறும் வேதாகமக் கதைகளைச் செதுக்கிய அந்தக் கற்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றைக் காண விரும்புவது நியாயமே. ஆயினும் அது வழிபாடு நடக்கும் ஆலயம். தூய யாக்கோபு ஆலயத்தில் பொம்மலாட்டம் நடப்பது, வழிபாடு போன பிறகு வந்தது. இங்கேயோ, இருக்கும் வழிபாட்டின் நடுவிலேயே இதைக் கொண்டுவந்தார்கள். இரண்டில் எனக்கு அதிக வருத்தம் தருவது பின்னையதே.

மற்றொன்று ஜூலியன் அம்மையார். 1373 மே மாதம், முப்பது வயதில், சாகும் தறுவாயில் காட்சிகள் கண்டு பிழைத்தெழுந்தவர். பிற்பாடு தூய ஜூலியன் ஆலயத்தை ஒட்டிய சிற்றறைக்குள் தம்மை அடைத்துக்கொண்டு வாழ்ந்தார். நாம் அவரை அழைக்கும் பெயரே அந்த ஆலயத்தின் பெயர்தான். தாம் கண்டவற்றை அவர் எழுதிவைத்தது, ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதியதாக அறியப்பட்ட நூல்களுள் மிகப் பழையது. அந்த ஆலயம் 1942இல் குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று. அப்போது, பக்கத்தில் இத்தனை ஆலயங்கள் இருக்க இதை ஏன் மறுபடி கட்ட வேண்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை, 1953இல் கட்டி முடித்தார்கள். கட்டடம் பெரும்பாலும் புதியது, கலைச்சிறப்பென்று சொல்ல அதிகமில்லை. ஆனால் உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அந்தச் சிற்றறையில் வந்து முழங்காலிடுகிறார்கள். பழைய கல் எல்லாம் பத்திரமாக இருந்தும் ஜெபம் இல்லாத ஆலயம் ஒருபக்கம். பழைய கல் போய்விட்டும் ஜெபம் நிற்கும் ஆலயம் ஒருபக்கம். காக்கப்பட்டது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

கல்லும்கரையும்

நல்ல கேள்வி ஐயா, இதற்கு நேராகவே விடை சொல்ல முயல்கிறேன்.

அந்த ஜூலியன் ஆலயத்துக்குள் போய்ச் சிற்றறைக்குத் திரும்பும் வாசலைக் கவனித்திருக்கிறீர்களா? செதுக்கு வேலைப்பாடு நிறைந்த நார்மன் காலத்து வளைவு அது. அது அந்த ஆலயத்துக்கு உரியது அன்று. அருகிலிருந்த தூய மிக்கேல் ஆலயம் ஒன்று அதே 1942இல் எரிந்து அழிந்தது. அதன் வாசலைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே நிறுவினார்கள். நீங்கள் சொல்லும் ஜெபத்துக்கு வழிவிடும் வாசலே, இறந்த ஆலயம் ஒன்றின் கல். கல்லும் ஜெபமும் நீங்கள் பிரித்ததுபோல அவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கவில்லை.

உண்மையான இழப்பு எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் தூய பெனடிக்ட் ஆலயத்துக்குப் போங்கள். 1942 குண்டுவீச்சில் ஆலயம் போய்விட்டது. வட்டக் கோபுரம் மட்டும் வீடுகளுக்கு நடுவே தனித்து நிற்கிறது. ஆலயம் இருந்த இடத்தில் வெறும் தரைதான். நான் அங்கே போகும்போதெல்லாம், பொம்மலாட்டமோ பழம்பொருள் கடையோ எதுவாயினும் ஒரு கூரையின்கீழ் நடந்துகொண்டிருப்பது எவ்வளவு பெரிய பேறு என்றே நினைப்பேன்.

பூட்டி மௌனமாக விட்டுவைப்பதே மரியாதை என்றீர்கள். பழைய கட்டடங்களின் பழுதுபார்ப்பில் சில காலம் வேலை செய்தவன் என்ற முறையில் அதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பூட்டிய ஆலயத்துக்கு முதல் எதிரி மழைநீர்த் தாரை. ஈயத் தாரையில் புறாவின் இறகும் இலையும் அடைத்துக்கொள்ளும். நீர் உள்பக்கம் வழியும். உத்தரத்தின் முனை சுவருக்குள் இருப்பதால் அங்கேதான் முதலில் இற்றுப்போகும், வெளியே தெரியாது. சிக்கிமுக்கிச் சுவரில் ஈரம் இறங்கி உறைந்தால் சுண்ணச்சாந்து பொடிந்து கற்கள் ஒவ்வொன்றாக உதிரும். தினமும் உள்ளே வந்துபோகும் ஒருவர் இருந்தால், சுவரில் விரல் அகல ஈரக்கறை தெரிந்த அன்றே சொல்லிவிடுவார். யாரும் வராவிட்டால், கூரை இறங்கிய பிறகுதான் தெரியும்.

பேராலயத்தில் தூய லூக்கா சிற்றாலயத்தின் பீடத்துக்குப் பின்னால் ஐந்து பகுதிகளாக ஓர் ஓவியப் பலகை இருக்கிறது. கிறிஸ்துவின் பாடுகளும் உயிர்ப்பும் பொன்னும் வண்ணமுமாகத் தீட்டப்பட்ட பதினான்காம் நூற்றாண்டுப் பணி அது. சீர்திருத்தக் காலத்தில் இத்தகைய பலகைகளை எரித்தார்கள், உடைத்தார்கள். இது மட்டும் எப்படித் தப்பியது? யாரோ அதைக் கவிழ்த்துக் கால் பொருத்தி மேசையாக்கிவிட்டார்கள். 1847இல் அடியில் பார்த்த ஒருவர் கண்ணுக்குத்தான் ஓவியம் தெரிந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு அதன் பணி மேசையாக இருப்பது. இன்று அது மறுபடியும் பீடத்தில் இருக்கிறது.

வடகரைவாசி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அடுத்த வாரம் ஒரே ஒரு நாள் நாரிச்சில் இருக்கும் வாய்ப்பு. எவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

மணிக்கயிறு

காலையில் பேராலயம், சுற்றுமண்டபத்தைத் தவறவிடாதீர்கள், அங்கே சிற்பக் கற்கள் தலைக்கு அருகிலேயே இருக்கும். 96 மீட்டர் உயரமுள்ள அதன் கூர்கோபுரம், இங்கிலாந்துப் பேராலயங்களுள் சாலிஸ்பரிக்கு அடுத்த உயரம். அங்கிருந்து எல்ம் ஹில் தெரு வழியாகத் தூய பேதுரு ஹங்கேட், தூய அந்திரேயா மண்டபம். பிறகு சந்தைக்கு ஏறினால் மான்கிராஃப்ட். மாலையில் தூய பெனடிக்ட் தெருவை மேலும் கீழும் ஒருமுறை நடந்தால் ஐந்து ஆலயங்கள் கண்ணில் படும். ஜூலியன் ஆலயம் சற்று விலகியிருக்கிறது, அதற்கு அரைமணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

சேகரத்துப்பிள்ளை

மேசையாகிக் கிடந்த ஓவியப் பலகையை நான் அறிந்திருக்கவில்லை. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பூட்டிவைப்பதே மரியாதை என்று சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன்; தாரையும் உத்தரமும் அறியாமல் சொன்ன சொல் அது.

ஒன்றில் மட்டும் நிலைமாறமாட்டேன். வாடகைக்கு விடும்போது, இது என்ன இடம் என்பது வருகிறவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். கல்லறைக் கற்கள் மறைக்கப்படக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும், அந்த ஆலயத்தின் புனிதருடைய திருநாளில், அங்கே ஓர் ஆராதனைக்கு இடம் விட வேண்டும். அந்தப் பணிக்கு வழி திறந்திருக்கும் வரை, அந்தப் பலகையைப்போல அதுவும் காத்திருக்கிறது என்று கொள்ள என்னால் முடியும்.

பொதிகைத்தென்றல்

எல்லோருக்கும் நன்றி. இன்று மழை. தூய லாரன்ஸ் ஆலயத்துக்குப் போனேன். அது வாடகைக்கு விடப்படாத ஆலயம். நாடு தழுவிய தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை அதை அப்படியே வைத்துக் காக்கிறது. ஆற்றுச் சரிவில் நிற்பதால் மேற்கு வாசலுக்குப் பக்கச்சந்தின் படிக்கட்டில் இறங்கித்தான் போக வேண்டும். வாசல் வளைவின் ஒரு மூலையில் மறைசாட்சி லாரன்ஸ் தம்மை வாட்டிய இரும்பு அடுப்பின்மேல் கிடக்கிறார். மறு மூலையில் எட்மண்ட் அரசர் அம்புகள் தைத்து நிற்கிறார். கல் மிகவும் தேய்ந்திருக்கிறது. அடுப்பின் கம்பிகளை விரலால் தடவி எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கை பிடிபடவில்லை.

உள்ளே யாரும் இல்லை. உயரமான சாளரங்களின் வெளிச்சம் வெறுந்தரையில் விழுந்திருந்தது. சேகரத்துப்பிள்ளை அண்ணன் சொன்ன மௌனம் இதுதான் என்று புரிந்தது, அது அழகானதுதான். பத்து நிமிடம் அமர்ந்து ஜெபித்தேன். ஆனால் என் மகளுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. பொம்மைக் கோயிலுக்கு எப்போது போவோம் என்று கேட்டாள். அவளுக்கு அது கோயில்தான் என்பதை அப்போதுதான் கவனித்தேன்; அரங்கம் என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை.

சனிக்கிழமை மறுபடி அழைத்துப் போகிறேன். ஆட்டம் தொடங்குமுன் பீடப்பகுதியை நடுக்கூடத்திலிருந்து பிரித்து அந்த இடத்தில் முன்பு நின்ற மரத்தட்டியைப் பற்றி அங்கே பணியில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். புனிதர்களைத் தீட்டிய அதன் பலகைகள் இப்போது சில்வர் சாலையிலுள்ள தூய மகதலா மரியா ஆலயத்தில் இருக்கின்றன என்று படித்தேன். அங்கே ஞாயிறு ஆராதனை உண்டு. சனிக்கிழமை இங்கே, ஞாயிற்றுக்கிழமை அங்கே என்று திட்டம். சென்று வந்தபின் இதே இழையில் எழுதுகிறேன்.